‘நடக்காதீர்கள்’ என்பது வைத்தியமா?

ஐம்பது வயதை நெருங்கும் ஒருவர் முழங்கால் வலி என்று வாய் திறந்தால் போதும், அறிவுரைகள் வரிசை கட்டி வந்துவிடும். “மாடி ஏறாதீங்க.” “தரையில உக்காராதீங்க.” “வாக்கிங்கை நிறுத்திட்டு ரெஸ்ட் எடுங்க.” பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார், உறவினர் சொல்கிறார், பல சமயம் மருத்துவரும் சொல்கிறார். எல்லா அறிவுரைக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கைதான். மூட்டு வண்டி டயர் மாதிரி, ஓட ஓடத் தேயும், தேய்ந்தது தேய்ந்ததுதான். மிச்சம் இருப்பதைக் காப்பாற்ற வேண்டுமானால் ஓட்டத்தைக் குறைக்க வேண்டும்.

இந்த நம்பிக்கை தவறு. தவறு என்பதோடு நின்றுவிட்டால்கூடப் பரவாயில்லை, அது ஆளையே முடக்குகிறது. விளையாட்டு மற்றும் உடற்பயிற்சி மருத்துவம், எலும்பியல், இயன்முறை மருத்துவம் ஆகிய துறைகள் கடந்த கால் நூற்றாண்டில் திரட்டிய சான்றுகள் நேர் எதிரான திசையைக் காட்டுகின்றன. அந்தச் சான்றுகள் ஆய்விதழ்களை விட்டு வெளியே வந்து புறநோயாளிப் பிரிவு வரை சேரவில்லை என்பதுதான் இன்றைய பிரச்சினை.

டயர் நம்பிக்கை முட்டாள்தனத்தில் பிறந்ததல்ல. படியேறும்போது வலிக்கிறது, உட்கார்ந்தால் வலி அடங்குகிறது. எக்ஸ்ரே எடுத்தால் இரண்டு எலும்புகளுக்கு இடையிலான இடைவெளி குறைந்திருப்பது கண்ணுக்கே தெரிகிறது. வயதானவர்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது. பழைய கால்பந்து வீரர்கள் பலர் நொண்டி நடக்கிறார்கள். இவ்வளவையும் பார்த்தவர் ‘பயன்படுத்தியதால் தேய்ந்தது’ என்ற முடிவுக்கு வருவது இயல்பு. ஆனால் அந்த முடிவு சரியென்றால், அதிகம் நடந்த மனிதர்களின் முழங்கால்கள் அதிகம் கெட்டிருக்க வேண்டும். அதைச் சோதித்துப் பார்க்க முடியும். பார்த்தும் இருக்கிறார்கள்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இயன் வாலஸ், டேனியல் லீபர்மன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வு எலும்புக்கூடுகளை வைத்து நடந்தது. அமெரிக்காவில் வாழ்ந்து, ஐம்பது வயதுக்கு மேல் இறந்த 2,000க்கும் மேற்பட்டவர்களின் முழங்கால் எலும்புகளை அவர்கள் ஆராய்ந்தார்கள். குருத்தெலும்பு முற்றிலும் போய் எலும்போடு எலும்பு உரசினால் அந்த இடம் வழவழவென்று பளபளக்கும். நூற்றாண்டுகள் கழிந்தாலும் அந்தத் தடம் அழியாது. வரலாற்றுக்கு முந்தைய வேட்டைச் சமூகத்தினர், ஆரம்பகால விவசாயிகள் ஆகியோரிடம் அந்தத் தடம் 8 சதவீதம். 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வாழ்ந்தவர்களிடம் 6 சதவீதம். 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் இறந்தவர்களிடம் 16 சதவீதம்.

காரும் லிஃப்டும் நாற்காலியும் வந்த பிறகுதான் முழங்கால் நோய் இரு மடங்காகியிருக்கிறது. ‘ஆயுள் கூடிவிட்டது, எடை கூடிவிட்டது, அதனால்தான்’ என்று சொல்வோருக்கும் அந்த ஆய்வில் பதில் உண்டு. வயதையும் உடல் எடையையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் இரு மடங்கு வித்தியாசம் அப்படியே நின்றது. தேய்வதற்குக் காரணம் நடைதான் என்றால், வாழ்நாள் முழுக்க நடந்தே திரிந்த வேடனின் முழங்கால் நம்முடையதைவிட மோசமாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

நடையை விடுங்கள், ஓட்டத்தைப் பார்ப்போம். ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போலப் பல மடங்கு சுமை முழங்காலில் இறங்கும் பயிற்சி அது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஃப்ரைஸ் தலைமையிலான குழு 1984இல் ஐம்பது வயது தாண்டிய ஓட்டப் பழக்கமுள்ளவர்களையும் அதே வயதில் ஓடாதவர்களையும் பட்டியலிட்டு, இருபது ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்தது. அவர்களில் ஒரு பகுதியினருக்கு 2002 வரை திரும்பத் திரும்ப முழங்கால் எக்ஸ்ரே எடுத்தார்கள். ஓடியவர்களுக்கு மூட்டுவாதம் கூடுதலாக வரவில்லை. 19 ஆண்டுகள் முடிந்தபோது ஓடியவர்களில் 15 சதவீதத்தினர் இறந்திருந்தார்கள், ஓடாதவர்களில் 34 சதவீதத்தினர்.

2017இல் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த இன்னொரு அலசலில் இடுப்பு, முழங்கால் மூட்டுவாதத்தின் விகிதம் இப்படி இருந்தது: உடல்நலத்துக்காகவும் ஆசைக்காகவும் ஓடுபவர்களிடம் 3.5 சதவீதம், ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களிடம் 10.2 சதவீதம், போட்டிகளுக்காக உயர்மட்டத்தில் ஓடும் வீரர்களிடம் 13.3 சதவீதம்.

மூன்றாவது எண்ணை மறைக்கக் கூடாது. உச்சகட்டப் போட்டி விளையாட்டுக்கு முழங்கால் ஒரு விலை கொடுக்கிறது. குறிப்பாக, முழங்காலின் உள்ளே இருக்கும் தசைநாரோ ஜவ்வோ கிழிந்த வீரருக்குப் பின்னாளில் மூட்டுவாதம் வரும் வாய்ப்பு கூடுகிறது. பழைய கால்பந்து வீரரின் நொண்டலுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு காயத்தின் கதை இருக்கும். கனத்த சுமையோடு நாள் முழுக்க மண்டியிட்டும் குந்தியும் வேலை செய்பவர்களுக்கும் ஆபத்து அதிகம். ஆனால் பூங்காவில் முக்கால் மணி நேரம் நடக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு உலகக்கோப்பை வீரரின் ஆபத்தைக் காட்டிப் பயமுறுத்துவது எந்த வகையில் நியாயம்?

இங்கே எதிர்த்தரப்பு ஒரு நல்ல கேள்வி கேட்கும். நல்ல முழங்கால் உள்ளவர்கள்தானே தொடர்ந்து ஓடுகிறார்கள், வலி வந்தவர்கள் நிறுத்திவிடுகிறார்கள், அப்படியிருக்க இந்த ஒப்பீடு எதை நிரூபிக்கும்? நியாயமான கேள்வி. பின்தொடரும் ஆய்வுகளுக்கு இந்தக் குறை எப்போதும் உண்டு. அதனால்தான் பயிற்சி செய்பவர் யார், செய்யாதவர் யார் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்யும் ஆய்வுகள் தேவைப்படுகின்றன. 2005இல் ஈவா ரூஸ், லெய்ஃப் டால்பெர்க் இருவரும் வெளியிட்டது அப்படிப்பட்ட ஒன்று. முன்பு ஜவ்வு அறுவை சிகிச்சை செய்துகொண்டதால் மூட்டுவாத ஆபத்தில் இருந்த 45 பேரைக் குலுக்கி, ஒரு பகுதியினருக்கு நான்கு மாதம் மிதமான பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி செய்தவர்களின் குருத்தெலும்பில், அழுத்தத்தைத் தாங்கும் வலுவைத் தரும் வேதிப்பொருள் கூடியிருந்தது. பயன்படுத்தப்பட்ட திசு குறையாமல் செறிவானது.

இதற்கான காரணம் குருத்தெலும்பின் அமைப்பிலேயே இருக்கிறது. அதற்குள் ரத்தக் குழாய் கிடையாது. அதிலுள்ள செல்களுக்கு உணவு சுற்றியுள்ள மூட்டுத் திரவத்திலிருந்துதான் வந்தாக வேண்டும். கால் ஊன்றும்போது குருத்தெலும்பு அழுந்துகிறது, தூக்கும்போது விரிகிறது. இந்த அழுத்தமும் தளர்வும் மாறி மாறி நடக்கும்போதுதான் திரவம் உள்ளே போய் வருகிறது. அசைவே நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தண்டுவடம் அடிபட்டுக் கால் செயலிழந்தவர்களிடம் மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள். சுமையே விழாத அந்த முழங்கால்களில் மாதங்கள் செல்லச் செல்லக் குருத்தெலும்பு மெலிகிறது. ஓய்வு கொடுத்தால் ரப்பர் மிஞ்சும் என்ற கணக்கு உயிருள்ள திசுவுக்குப் பொருந்தாது.

அப்படியானால் எக்ஸ்ரேயில் தெரிவது என்ன?

தெரிவது உண்மைதான். ஆனால் அதற்கும் வலிக்கும் உள்ள உறவு நாம் நினைப்பதைவிடத் தளர்வானது. வலியோ காயமோ இல்லாதவர்களின் முழங்கால்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஆய்வுகளை 2019இல் ஆடம் கல்வெனர் குழு தொகுத்தது. நாற்பது வயது தாண்டியவர்களில் 19 முதல் 43 சதவீதத்தினரிடம் மூட்டுவாதத்தின் அடையாளங்கள் இருந்தன. ஒரு வலியும் இல்லாமல் நடமாடியவர்கள் இவர்கள். படத்தைப் பார்த்துவிட்டு “எல்லாம் தேஞ்சு போச்சு” என்று சொல்லும் மருத்துவர், அந்த அறையை விட்டு வெளியே போகும் நோயாளியின் மனத்தில் என்ன விதைக்கிறார் என்று யோசிக்க வேண்டும். அன்று முதல் அவர் ஒவ்வொரு படியையும் சேதாரமாக எண்ணத் தொடங்குகிறார்.

டயர் நம்பிக்கையின் அடுத்த கட்டம் கருவிகளோடு உள்ளே நுழைவது. தேய்ந்திருக்கிறது, ஜவ்வு கிழிந்திருக்கிறது, சிறு துளை போட்டுச் சுத்தம் செய்துவிடலாம் என்ற ஆர்த்ரோஸ்கோபி சிகிச்சை பல ஆண்டுகள் கேள்வியின்றி நடந்தது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் புரூஸ் மோஸ்லி என்ற அறுவை மருத்துவர் அதைச் சோதிக்கத் துணிந்தார். மூட்டுவாத நோயாளிகள் 180 பேர். சிலருக்கு உண்மையான அறுவை சிகிச்சை, சிலருக்குத் தோலில் மட்டும் வெட்டுப் போட்டுத் தையல். யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. இரண்டு ஆண்டு கழித்தும் இரு தரப்புக்கும் வலியில் வேறுபாடு இல்லை. 2002இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் இந்த முடிவு வெளிவந்தது. 2013இல் பின்லாந்து மருத்துவர்கள், வயதோடு வரும் ஜவ்வுக் கிழிசல் கொண்ட 146 பேரிடம் இதே போலப் பொய் அறுவை சிகிச்சையோடு ஒப்பிட்டார்கள். ஓராண்டு முடிவில் அங்கும் வேறுபாடு இல்லை. 2017இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ கூட்டிய நிபுணர் குழு, தேய்மான வகை முழங்கால் நோய்க்கு ஏறக்குறைய யாருக்குமே ஆர்த்ரோஸ்கோபி வேண்டாம் என்று அழுத்தமாகப் பரிந்துரைத்தது.

ஊசியின் கதையும் இதேதான். மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில வாரம் சுகமாக இருக்கும். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீதம் இரண்டு ஆண்டு ஸ்டீராய்டு பெற்றவர்களையும் உப்புநீர் பெற்றவர்களையும் ஒப்பிட்ட 140 பேர் ஆய்வு 2017இல் வெளிவந்தது. வலியில் வித்தியாசம் இல்லை. குருத்தெலும்பு இழப்போ ஸ்டீராய்டு பெற்றவர்களுக்குத்தான் அதிகம். முழங்காலைக் காப்பாற்ற நடக்காதே என்று சொல்லிவிட்டு, குருத்தெலும்பைக் குறைக்கும் ஊசியைத் தொடர்ந்து போடுவது எப்படிப் பாதுகாப்பு ஆகும்?

பயிற்சி என்ன தருகிறது என்பதற்கும் எண்கள் உண்டு. டென்மார்க்கில் ஈவா ரூஸ், சோரன் ஸ்கோ இருவரும் 2013இல் ‘கிளாட்’ என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். இயன்முறை மருத்துவர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி. நோயாளிகளுக்கு நோயைப் பற்றிய சில வகுப்புகள், பிறகு மேற்பார்வையில் வாரம் இருமுறை என்று 12 பயிற்சி அமர்வுகள். நாற்காலியிலிருந்து எழுவது, படி ஏறி இறங்குவது, தொடைத் தசையையும் இடுப்புத் தசையையும் வலுப்படுத்துவது என எல்லாமே எளியவை. முதல் 9,825 பேரின் பதிவுகளை 2017இல் வெளியிட்டபோது வலி குறைந்திருந்தது, வலி மாத்திரை எடுப்பவர்களின் எண்ணிக்கையும் குறைந்திருந்தது, ஓராண்டு கழித்தும் அந்தப் பலன் நின்றது. இன்று கனடா, ஆஸ்திரேலியா, சீனா உள்ளிட்ட நாடுகளில் இத்திட்டம் நடக்கிறது. பிரிட்டனின் ‘நைஸ்’ அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டி, மூட்டுவாதம் உள்ள எல்லாருக்கும் அவரவர்க்கேற்ற பயிற்சியை முதல் சிகிச்சைகளில் ஒன்றாக வைக்கிறது.

பயிற்சிக்கு எதிரான மிக வலுவான ஆதாரமும் டென்மார்க்கிலிருந்துதான் வந்தது. அதையும் வாசகர் அறிய வேண்டும். 2022இல் ஆய்விதழில் வெளிவந்த அந்த ஆய்வில் 206 நோயாளிகள். ஒரு பாதிக்குக் கிளாட் பயிற்சி. மறு பாதிக்கு, ‘இது மருந்தில்லாத வெறும் உப்புநீர்’ என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு மூட்டில் ஊசி. இரு தரப்பின் வலியும் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தது. இதைக் காட்டிப் பயிற்சியால் பயனில்லை என்பவர்கள் இருக்கிறார்கள்.

இந்த ஆய்வு சொல்வது ஒன்று: எட்டு வாரப் பயிற்சி வலியை மாயமாக்கிவிடும் என்று யாரும் வாக்குத் தரக் கூடாது. வலி குறைவதில் கவனிப்பு, நம்பிக்கை, நோயின் இயல்பான ஏற்ற இறக்கம் எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் பயிற்சி முழங்காலைக் கெடுத்தது என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. ‘நடக்காதே’ என்ற கட்டளைக்கு இதில் ஒரு வரி ஆதரவும் இல்லை. இன்னொன்றையும் பார்க்க வேண்டும். உப்புநீர் ஊசி தொடைத் தசையை வளர்க்காது, ரத்தச் சர்க்கரையைக் குறைக்காது, இதயத்தைப் பலப்படுத்தாது. முழங்கால் வலிக்காரருக்கு முழங்கால் மட்டுமா இருக்கிறது?

ஓய்வின் உண்மையான விலை இங்கேதான் தெரிகிறது. நடையை நிறுத்தியவரின் தொடைத் தசை சில வாரங்களிலேயே மெலியத் தொடங்குகிறது. தசை தாங்கிய சுமையும் மூட்டின் மேல் இறங்க, வலி கூடுகிறது. வலி கூடியதும் இன்னும் ஓய்வு. எடை ஏறுகிறது. ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலின் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது என்று ஸ்டீபன் மெஸ்ஸியர் குழு 2005இல் கணக்கிட்டது. ஏறினாலும் கணக்கு அதே திசையில்தான் போகும். அதே மெஸ்ஸியர் 454 பேரிடம் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், உணவுக் கட்டுப்பாட்டையும் பயிற்சியையும் சேர்த்துச் செய்தவர்களே, ஒன்றை மட்டும் செய்தவர்களைவிட வலி குறைந்து நன்றாக நடமாடினார்கள்.

இந்தியாவுக்கு இந்த விலை இரட்டிப்பு. 2022 நிலவரப்படி இந்தியப் பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் தேவையான அளவு உடல் உழைப்பு இல்லாதவர்கள். ஆண்களில் 42 சதவீதம், பெண்களில் 57 சதவீதம். சென்னையில் உள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்திய தேசிய ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023இல் மதிப்பிட்டது. முழங்கால் வலியோடு வரும் நடுவயதுப் பெண்ணுக்குச் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் கூடவே இருப்பது நம் ஊரில் அன்றாடக் காட்சி. சர்க்கரைக்கு நட என்கிறார் ஒரு மருத்துவர், முழங்காலுக்கு நடக்காதே என்கிறார் இன்னொருவர். அந்தப் பெண் எதைக் கேட்பார்? வலிக்கிற பக்கத்தைத்தான் கேட்பார்.

மூட்டு மாற்று அறுவை சிகிச்சையைக் குறை சொல்வது இந்தக் கட்டுரையின் நோக்கம் அல்ல. முற்றிய நோயில் அது வாழ்வை மீட்டுத் தருகிறது. 2015இல் ஸ்கோ குழு வெளியிட்ட ஆய்வில் மூட்டு மாற்றிக்கொண்ட 50 பேருக்கு, பயிற்சி உள்ளிட்ட சிகிச்சை மட்டும் பெற்ற 50 பேரைவிட ஓராண்டில் வலி கூடுதலாகக் குறைந்தது. ஆனால் கடுமையான பக்கவிளைவுகள் அங்கே 24, இங்கே 6. அறுவை சிகிச்சைக்குத் தகுதி பெற்றிருந்தும் பயிற்சிக் குழுவில் சேர்ந்த 50 பேரில் 13 பேர்தான் அந்த ஓராண்டுக்குள் அறுவை சிகிச்சைக்குப் போனார்கள். மற்ற 37 பேரை நினைத்தால், பயிற்சியைக் காட்டாமலேயே ஆபரேஷன் தேதி குறிப்பது சரியல்ல என்பது விளங்கும்.

அதேபோல, எல்லா முழங்கால் வலிக்கும் நடை மருந்து என்றும் சொல்லிவிட முடியாது. மூட்டு வீங்கிச் சூடாக இருந்தால், காய்ச்சல் இருந்தால், அடிபட்ட பிறகு கால் ஊன்ற முடியாவிட்டால், மடக்கிய கால் நீட்ட வராமல் பூட்டிக்கொண்டால் முதலில் மருத்துவரிடம் போக வேண்டும். மற்றவர்களுக்குக் கிளாட் திட்டம் தரும் அளவுகோல் எளிது. பயிற்சியின்போது பத்துக்கு ஐந்து வரை வலி இருந்தால் தாங்கிக்கொள்ளலாம், 24 மணி நேரத்துக்குள் வலி பழைய நிலைக்குத் திரும்பிவிட வேண்டும். திரும்பாவிட்டால் அடுத்த முறை அளவைக் குறைக்க வேண்டும். வலி என்றால் சேதம் என்று நினைத்தவருக்கு இந்த ஒரு விதி பெரிய விடுதலை.

இவ்வளவு சான்றுகள் இருந்தும் பழைய அறிவுரை ஏன் நீடிக்கிறது? நோயாளிகளின் அறியாமை என்று பழி போடுவது எளிது. காரணம் மருத்துவக் கல்வியில் இருக்கிறது. மாத்திரையை எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை, எத்தனை நாள் என்று எழுதக் கற்றவர்களுக்கு, பயிற்சியை எந்த அசைவு, எத்தனை முறை, வாரம் எத்தனை நாள் என்று எழுதும் பழக்கம் பெரும்பாலும் தரப்படுவதில்லை. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியும் அமெரிக்க மருத்துவச் சங்கமும் ‘உடற்பயிற்சியே மருந்து’ என்ற இயக்கத்தை 2007இல் தொடங்கியதற்கு இந்தக் குறையே காரணம். பிரிட்டன் 2005இல் விளையாட்டு மற்றும் உடற்பயிற்சி மருத்துவத்தைத் தனிச் சிறப்புத் துறையாக அங்கீகரித்தது. பெயரிலேயே உடற்பயிற்சி இருக்கிறது, வீரர்களுக்கு மட்டுமான துறை அல்ல அது. இந்தியாவில் அந்தத் துறை என்றதும் நினைவுக்கு வருவது கிரிக்கெட் வீரரின் தோள்பட்டையும் பளுதூக்குபவரின் இடுப்பும்தான். படியேறத் திணறும் பாட்டியும் அந்தத் துறையின் நோயாளிதான் என்ற எண்ணம் இன்னும் வேரூன்றவில்லை.

அரசின் கவனமும் கருவிகளின் பக்கமே அதிகம் சாய்கிறது. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை முழங்கால் மூட்டுகளின் விலைக்கு உச்சவரம்பு விதித்தது. நல்ல முடிவு. அந்தக் கட்டத்துக்கு வருவதற்கு முன் பத்து ஆண்டுகள் அந்த நோயாளிக்கு என்ன கிடைத்தது என்ற கேள்விக்கு அப்படியொரு உத்தரவு இல்லை.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையும் வீடு தேடி வருகிறது. 2023 நவம்பரில் ஒவ்வொரு மாவட்டத்திலும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை வகுத்து ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டமும் தொடங்கப்பட்டது. ஆட்களும் இருக்கிறார்கள், பாதையும் இருக்கிறது. முழங்கால் வலியோடு வருபவரை இவர்களிடம் அனுப்பும் சீட்டுதான் இல்லை.

அந்தச் சீட்டை எழுதப் புதிய கட்டடமோ இயந்திரமோ வேண்டாம். இயன்முறை மருத்துவர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரம் இருமுறை வகுப்பு, வந்தவரின் வலி அளவையும் அரை நிமிடத்தில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுகிறார் என்பதையும் குறிக்க ஒரு பதிவேடு இருந்தால் தொடங்கிவிடலாம். எம்.பி.பி.எஸ். மாணவருக்கும் பணியில் இருக்கும் மருத்துவருக்கும் பயிற்சி எழுதிக்கொடுக்கும் பாடத்தைக் கட்டாயமாக்க வேண்டும். இரண்டு மூன்று மாவட்டங்களில் ஓராண்டு இதை நடத்தி, பதிவேட்டின் எண்களை மக்கள் முன் வைக்க வேண்டும். பலன் இருந்தால் மற்ற மாவட்டங்களுக்கும் விரிவாக்கலாம், இல்லையென்றால் திட்டத்தைத் திருத்தலாம். அதுவரை, வீக்கமோ காயமோ இல்லாத முழங்கால் வலியோடு வருபவரிடம் நடையை நிறுத்தச் சொல்லும் ஒவ்வொரு மருத்துவரும், அதற்கு என்ன ஆதாரம் என்று நோயாளி கேட்டால் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.